புதிய பந்தயத் தளங்களில் ஆதாயம் கூடுதலா? என் கணக்கும் அனுபவமும்

புதிதாகத் தொடங்கப்படும் இணைய விளையாட்டுப் பந்தயத் தளங்கள், பல ஆண்டுகளாக இருந்துவரும் பெரிய தளங்களைவிட நல்ல ஆட்ஸும் (ஜெயித்தால் கட்டிய தொகை எத்தனை மடங்காகத் திரும்பும் என்று காட்டும் எண்) பெரிய போனஸும் தருகின்றன என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. நான் அதைக் கேள்விப்பட்டு மட்டும் மாறவில்லை. பல வாரங்கள் இரண்டு தளங்களின் ஆட்ஸையும் அருகருகே எழுதிவைத்து, கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே ஒரு புதிய தளத்தில் பணம் போட்டேன். அந்தக் கணக்கு இன்றைக்கும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தக் கணக்கிலும் இடம்பெறாத சில விஷயங்களால், என் ஒரு மாதச் சம்பளத்தைவிடக் கூடுதலான தொகையும், அதை மீட்பதற்காகச் செலவிட்ட பல மாதங்களும் போய்விட்டன. இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்ல எனக்கு யாரும் இல்லை. பந்தயம் கட்டுங்கள் என்று யாருக்கும் நான் சொல்ல வரவில்லை. பல நாடுகளில் இது சட்டப்படி தடைசெய்யப்பட்டது, அப்படித் தடை உள்ள இடத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அனுமதி உள்ள இடத்தில் இருந்துகொண்டு, புதிய தளம் ஒன்றில் கணக்குத் தொடங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஆட்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிய தளங்களின் பக்கம் என்னை இழுத்தது அதுதான். சமபலமுள்ள இரண்டு டென்னிஸ் வீரர்கள் மோதும் ஆட்டத்தில் நியாயமான ஆட்ஸ் இருவருக்கும் 2.00 ஆக இருக்க வேண்டும். எந்தத் தளமும் அப்படிப் போடாது, 1.90, 1.90 என்று போடும். 1-ஐ 1.90-ஆல் வகுத்தால் 52.63 சதவீதம் வரும். இரண்டு பக்கத்தையும் கூட்டினால் 105.26. நூறைத் தாண்டி நிற்கும் அந்த ஐந்தேகால் சதவீதம்தான் தளத்தின் மார்ஜின். யார் ஜெயித்தாலும் தோற்றாலும், நீண்ட காலத்தில் 100 கட்டுகிறவருக்குச் சராசரியாக 95 திரும்பும் என்பதே இதன் பொருள். கால்பந்தில் மூன்று முடிவுகள் இருப்பதால் மூன்றையும் இதேபோல வகுத்துக் கூட்ட வேண்டும். நான் ஒப்பிட்ட ஆட்டங்களில் பழைய தளம் 2.45, 3.20, 2.80 என்ற மாதிரி போட்டிருக்கும். கூட்டினால் ஏறத்தாழ 107.8 வரும். அதே ஆட்டத்துக்குப் புதிய தளம் 2.50, 3.30, 2.90 என்று போட்டிருக்கும், கூட்டினால் 104.8. பார்வைக்கு அற்ப வித்தியாசம்தான். ஆனால் 100-க்குச் சராசரியாக 93-க்குச் சற்றுக் குறைவாகத் திரும்புவதற்கும் 95-க்குச் சற்று மேல் திரும்புவதற்கும் உள்ள இடைவெளி, தொடர்ந்து கட்டுகிற ஒருவருக்குச் சிறியதல்ல. இந்த இடம்வரை புதிய தளம்தான் ஆதாயம் என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்த நல்ல ஆட்ஸ் எங்கே கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லாரும் பார்க்கும் பெரிய லீக் ஆட்டங்களில், யார் ஜெயிப்பார் என்ற முதல் வரிசைப் பந்தயத்தில் மட்டும்தான் எனக்கு அது கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க வருகிறவர்கள் அந்த வரிசையைத்தான் பார்ப்பார்கள் என்பது தளத்துக்கும் தெரியும். அதே ஆட்டத்தில் முதல் கோல் யார் அடிப்பார், சரியான ஸ்கோர் என்ன, எத்தனை கார்னர் வரும் என்பவற்றையும், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே கட்டும் லைவ் பந்தயத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, புதிய தளத்தின் மார்ஜின் பழைய தளத்தைவிட அதிகமாகவே இருந்தது. இந்தப் பக்கவாட்டுப் பந்தயங்களில் எல்லாத் தளங்களுமே கூடுதலாகத்தான் எடுக்கின்றன. இதைவிடப் பெரிய ஓட்டை, பல ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டும் அக்யுமுலேட்டர். ஓர் ஆட்டத்தில் 100-க்கு 95 திரும்புகிறது என்றால், ஐந்து ஆட்டங்களைச் சேர்க்கும்போது அந்த 0.95 ஐந்து முறை தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது. மிஞ்சுவது 77 சொச்சம். புதிய தளம் எனக்கு அடிக்கடி அனுப்பிய சலுகை, ஐந்து ஆட்டம் சேர்த்தால் ஜெயிக்கும் தொகையில் பத்து சதவீதம் கூடுதல் என்பதுதான். அந்தக் கூடுதலைச் சேர்த்தாலும் திரும்பும் தொகை 85-ஐச் சுற்றித்தான் நிற்கும். தனி ஆட்டத்தில் மூன்று சதவீதம் விட்டுக்கொடுத்து, தொடர் பந்தயத்தில் பதினைந்து சதவீதம் எடுத்துக்கொள்வதற்குப் பெயர் ஆதாயம் அல்ல. ஆகவே ஒப்பிடுகிறவர்கள், தாங்கள் உண்மையில் எந்த வகைப் பந்தயத்தைக் கட்டுகிறார்களோ அந்த வகையைத்தான் ஒப்பிட வேண்டும். விளம்பரத்தில் காட்டப்படும் ஆட்டத்தை ஒப்பிட்டு ஒரு பயனும் இல்லை.

இன்னொன்றும் அந்த ஒப்பீட்டில் தெரிந்தது. மூன்று நான்கு புதிய தளங்களின் ஆட்ஸ், புள்ளிக்குப் பின் உள்ள இலக்கம் மாறாமல், ஒரே நேரத்தில் ஒரே மாதிரி ஏறி இறங்கின. முதலில் தற்செயல் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது: பல தளங்கள் ஆட்ஸைத் தாமே கணிப்பதில்லை, மென்பொருளோடு சேர்த்து அதை விலைக்கு வாங்குகின்றன. காம்பி என்ற நிறுவனம் இதற்கு நல்ல உதாரணம். யூனிபெட் என்ற பந்தயக் குழுமத்துக்குள் இருந்து 2014-இல் தனியாகப் பிரிந்த அது, பல்வேறு பந்தய நிறுவனங்களுக்கு ஆட்ஸையும் தளத்தையும் வழங்குவதையே தொழிலாகக் கொண்டது. இதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் புதிய பெயர், புதிய நிறம், புதிய முகப்பு என்று நாம் பார்ப்பவற்றில் பலவற்றுக்குப் பின்னால் ஒரே கணிப்புதான் ஓடுகிறது என்று தெரிந்தால், புதியது என்ற சொல்லுக்குத் தருகிற மதிப்பு தானாகவே குறையும். பழைய நிறுவனம் ஒன்று புதிய பெயரில் தொடங்கும் தளமும், எந்தப் பின்னணியும் இல்லாமல் உண்மையிலேயே புதிதாக முளைக்கும் தளமும் வேறு வேறு. தளத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் நிறுவனப் பெயரைப் பார்த்து, அந்த நிறுவனம் எப்போது பதிவு செய்யப்பட்டது, வேறு எந்தத் தளங்களை நடத்துகிறது என்று தேடினால் இது தெரிந்துவிடும். நான் சேர்ந்த தளம் இரண்டாவது வகை.

இப்போது போனஸுக்கு வருகிறேன். நான் முதலில் போட்ட தொகைக்கு இணையான தொகையைத் தளமே போனஸாகக் கொடுத்தது. வேண்டுமா என்று என்னைக் கேட்கவில்லை. பணம் போட்டதும் தானாகவே சேர்ந்துவிட்டது. இந்த இடத்தில் நிறுத்தி ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த எல்லாத் துன்பத்துக்கும் இதுதான் வேர். போனஸோடு ரோல்ஓவர் என்ற நிபந்தனை சேர்ந்து வருகிறது. பத்து மடங்கு ரோல்ஓவர் என்றால், 100 போனஸுக்கு 1,000 அளவுக்குப் பந்தயம் கட்டி முடித்த பிறகுதான் பணத்தை எடுக்க முடியும். 5 சதவீத மார்ஜினில் 1,000 கட்டினால் சராசரியாக 50 போய்விடும். அப்படியானால் 100 போனஸின் உண்மை மதிப்பு 50. ஆனால் பல தளங்களில் இந்தப் பத்து மடங்கு, போனஸுக்கு மட்டுமல்லாமல் நாம் போட்ட பணத்தையும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. அப்போது 200-க்குப் பத்து மடங்கு, அதாவது 2,000 கட்ட வேண்டும்; சராசரி இழப்பு 100. போனஸ் முழுவதும் அதிலேயே கரைந்துவிடும். இதற்கு மேல், 1.80-க்குக் குறைவான ஆட்ஸில் கட்டுவது கணக்கில் சேராது, முப்பது நாளுக்குள் முடிக்க வேண்டும், போனஸ் நிலுவையில் இருக்கும்போது ஒரு பந்தயத்தில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் கட்டக் கூடாது என்ற நிபந்தனைகள் வேறு. ஃப்ரீ பெட் என்று, தளத்தின் காசில் ஒரு பந்தயம் கட்டக் கொடுப்பதும் இதே போலத்தான். அதில் ஜெயித்தால் லாபம் மட்டுமே கைக்கு வரும், கட்டிய தொகை திரும்பாது. 2.00 ஆட்ஸில் 10-க்கான ஃப்ரீ பெட்டின் மதிப்பு ஏறத்தாழ 5 மட்டுமே.

ஆகவே புதிய தளத்தில் சேர்கிறவர்களுக்கு நான் அழுத்தமாகச் சொல்வது, போனஸை மறுத்துவிடுங்கள். மறுக்கும் பெட்டி பணம் போடும் பக்கத்தில் கண்ணில் படாத ஓரத்தில் இருக்கலாம். இல்லையென்றால், ஒரு பந்தயமும் கட்டுவதற்கு முன்பே வாடிக்கையாளர் சேவைக்கு எழுத்து மூலம் கேட்டு நீக்கச் சொல்ல வேண்டும். முதல் பந்தயம் கட்டிய பிறகு, நாம் அந்த நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். அத்துடன், சேர்கிற அன்றே விதிமுறைப் பக்கம் முழுவதையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் விஷயத்தில், நான் சேர்ந்தபோது இருந்த விதிகளும் பணம் கேட்டபோது இருந்த விதிகளும் ஒன்றாக இல்லை. என்னிடம் பழைய பக்கத்தின் ஒரு பகுதி மட்டுமே படமாக இருந்தது.

சில வாரங்கள் நன்றாகவே போயின. நான் ரோல்ஓவரை முடித்தேன். கையிருப்பு போட்டதைவிட மூன்று மடங்காக உயர்ந்திருந்தது. அதற்கு என் கணிப்புத் திறன் மட்டும் காரணமல்ல. சிறிய தளங்கள் சந்தையில் ஆட்ஸ் மாறுவதைச் சற்றுத் தாமதமாகவே பின்தொடர்கின்றன. ஓர் அணியின் முக்கிய ஆட்டக்காரர் விளையாடவில்லை என்ற செய்தி வந்து மற்ற இடங்களில் எதிரணிக்கான 2.10 என்பது 1.95 ஆகிவிட்ட பிறகும், இந்தத் தளத்தில் சிறிது நேரம் 2.10 நிற்கும். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் இருக்கும் இறுதி ஆட்ஸைவிட நல்ல ஆட்ஸில் தொடர்ந்து கட்ட முடிகிறதா என்பதுதான் ஆதாயத்தை அளக்கச் சரியான அளவுகோல் என்று இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்வார்கள். அந்த அளவுகோலில் புதிய தளம் எனக்கு உண்மையாகவே ஆதாயம் தந்தது. ஆனால் அதே அளவுகோலைத் தளமும் வைத்திருக்கிறது. திடீரென்று ஒரு நாள், நான் கட்டக்கூடிய உச்சத் தொகை, வழக்கமாகக் கட்டியதில் நூறில் ஒரு பங்காகச் சுருங்கியது. முன்னறிவிப்பு இல்லை, கேட்டதற்கு வணிக முடிவு என்று ஒரு வரியில் பதில் வந்தது. திரையில் 2.10 என்று பளிச்சென்று தெரியும், ஆனால் அந்த விலையில் ஒரு தேநீர்க் காசு அளவுக்குத்தான் கட்ட முடியும். கட்ட விடாத ஆட்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்து என்ன பயன்? இதைப் பழைய தளங்களும் செய்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜெயிக்கிறவர்களைக் கட்டுப்படுத்துவது இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். வித்தியாசம் என்னவென்றால், சிறிய தளத்துக்குத் தாங்கும் சக்தி குறைவு என்பதால் அது இன்னும் சீக்கிரமாக நடக்கிறது.

அதற்குப் பிறகுதான் பணத்தை எடுக்க விண்ணப்பித்தேன். பணம் எடுக்கும் பக்கம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. இடப்பக்கம் சாம்பல் நிறத்தில் நிலுவையில் உள்ளது என்ற வரி, அதன் வலப்பக்கத்தில் பச்சை நிறத்தில், மூன்று மடங்கு பெரிய எழுத்தில், விண்ணப்பத்தை ரத்து செய்து தொடர்ந்து விளையாடு என்ற பொத்தான். ஒவ்வொரு முறை நிலவரம் பார்க்கப் போகும்போதும் விரல் அந்தப் பொத்தானுக்கு மேலேதான் போய் நிற்கும். பக்கத்தையே அப்படி அமைத்திருந்தார்கள். காத்திருக்கும் சலிப்பில், எடுக்கக் கேட்ட பணத்தையே திரும்ப விளையாட வைப்பதுதான் இதன் நோக்கம். பிரிட்டனின் ஒழுங்குமுறை ஆணையம் இந்த ரத்து வசதியை 2021-இல் தடை செய்தது என்பதிலிருந்தே இது எவ்வளவு தீங்கானது என்று புரிந்துகொள்ளலாம். நான் சேர்ந்த தளம் அந்த ஆணையத்தின் கீழ் இல்லை.

பணம் போடும்போது ஒரு ஆவணமும் கேட்காதவர்கள், எடுக்கும்போது ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார்கள். அடையாள அட்டை அனுப்பினேன். மூலை வெட்டுப்பட்டிருக்கிறது என்று நிராகரித்தார்கள். முகவரிச் சான்று அனுப்பினேன். மூன்று மாதத்துக்குள் வந்ததாக இருக்க வேண்டும் என்றார்கள். கார்டின் இரு பக்கங்களின் படம், அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி ஒரு படம், பிறகு வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதற்கான வங்கிக் கணக்கு விவரம் என்று அது நீண்டது. ஒவ்வொன்றுக்கும் பதில் வரச் சில வேலை நாட்கள் ஆகும்; பதில் வரும்போது பெயர் மாறியிருக்கும், வேறொருவர் முதலிலிருந்து கேட்பார். அடையாளச் சரிபார்ப்பு கேட்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. பணமோசடித் தடுப்புச் சட்டங்கள் அதைக் கேட்கச் சொல்கின்றன, நல்ல தளங்களும் கேட்கின்றன. ஆனால் ஒழுங்கான தளம் அதைத் தொடக்கத்திலேயே கேட்டு முடித்துவிடும். ஆகவே பெரிய தொகை போடுவதற்கு முன், நீங்களாகவே ஆவணங்களை அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். பிறகு சிறிய தொகை ஒன்றைப் போட்டு, ஒன்றிரண்டு பந்தயம் கட்டி, அதை வங்கிக்கு எடுத்துப் பாருங்கள். அந்தச் சிறு தொகை வந்து சேர எத்தனை நாள் ஆகிறது என்பது, எந்த விமர்சனக் கட்டுரையைவிடவும் அந்தத் தளத்தைப் பற்றி அதிகம் சொல்லும்.

கடைசியில் வந்த பதில், நான் போனஸ் விதிகளை மீறியதாகவும், முறைகேடான பந்தய முறையைப் பின்பற்றியதாகவும் சொல்லி, ஜெயித்த தொகை முழுவதையும் ரத்து செய்தது. எந்தப் பந்தயம், எந்த விதி என்று கேட்டேன். பாதுகாப்புக் காரணங்களால் சொல்ல இயலாது என்றார்கள். போட்ட பணத்தில் ஒரு பகுதி மட்டும் பின்னர் திரும்பியது. முறைகேடான பந்தய முறை என்ற சொற்றொடருக்கு அவர்களுடைய விதிமுறையில் விளக்கமே கிடையாது. தளம் தன் விருப்பப்படி முடிவு செய்யும் என்று மட்டுமே இருந்தது. இப்படி ஒரு வாசகம் இருக்கிறதா என்று சேர்வதற்கு முன் தேடிப் பாருங்கள். வெளிப்படையான ஆட்ஸ் பிழை என்று தளம் கருதினால், ஆட்டம் முடிந்த பிறகும் பந்தயத்தைச் செல்லாததாக்கலாம் என்ற வாசகம், ஒரு நாளில் அல்லது ஒரு வாரத்தில் எடுக்கக்கூடிய உச்ச வரம்பு, பயன்படுத்தாத கணக்கிலிருந்து மாதாமாதம் கட்டணம் கழிக்கும் வாசகம் ஆகியவற்றையும் அதே பக்கத்தில் பார்த்துவிடலாம்.

புகார் கொடுக்கப் போனபோதுதான் உரிமத்தின் அருமை தெரிந்தது. தளத்தின் அடியில் உரிமச் சின்னம் ஒன்று இருந்தது. அதை அழுத்தினால் ஒழுங்குமுறை அமைப்பின் சொந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும்; இதிலோ அது வெறும் படம். அமைப்பின் பதிவேட்டில் நிறுவனத்தின் பெயர் இருந்தது, ஆனால் நான் பயன்படுத்திய இணைய முகவரி அந்த உரிமத்தின் கீழ் இல்லை. எந்த உரிமம் என்பதும் முக்கியம். பிரிட்டனின் சூதாட்ட ஆணையமும் மால்டாவின் ஆணையமும், வாடிக்கையாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான பிணக்கை வெளியிலிருந்து தீர்த்துவைக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகின்றன. பிரிட்டனில் 1998 முதல் இயங்கும் ஐபாஸ் என்ற அமைப்பு அப்படிப்பட்டது. புகார் கொடுக்கிறவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. பந்தயத் தளங்களுக்கு உரிமம் வழங்கும் கரீபியன் தீவான குராசாவோவில் நீண்ட காலம் ஒரு மூல உரிமத்தின் கீழ் பல துணை உரிமங்கள் வழங்கும் முறை இருந்தது. அங்கே பிணக்குத் தீர்ப்பு பலவீனமாக இருந்ததே 2024 டிசம்பரில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்ததற்கு ஒரு காரணம். நான் அனுப்பிய புகாருக்குப் பெற்றுக்கொண்டோம் என்ற தானியங்கிப் பதிலைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. கிரிப்டோவில் பணம் போட்டவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். கார்டில் போட்ட பணத்துக்காவது வங்கியிடம் முறையிடலாம். கிரிப்டோவில் அனுப்பியதைத் திரும்பக் கேட்பதற்கு ஆளே இல்லை.

அப்படியானால் பழைய தளம் என்றாலே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2004-இல் தொடங்கிய ஃபுல் டில்ட் போக்கர் என்ற சீட்டாட்டத் தளம், உரிமம் பெற்றதாகவும் உலகமே அறிந்ததாகவும் இருந்தது. 2011 ஏப்ரலில் அமெரிக்க அரசு நடவடிக்கை எடுத்த பிறகுதான், ஆட்டக்காரர்களின் பணம் தனியாக வைக்கப்படாமல் நிறுவனச் செலவோடு கலந்திருந்தது வெளியே வந்தது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்பத் தொடங்கியது 2014-இல்தான். கால்பந்து வீரர்களைப் பங்குகளைப் போல வாங்கி விற்கச் செய்த ஃபுட்பால் இண்டெக்ஸ், பிரிட்டனின் உரிமம் பெற்றிருந்தும் 2021 மார்ச்சில் சரிந்தது. எனவே எத்தனை ஆண்டு பழையது என்பதோடு, வாடிக்கையாளர் பணம் நிறுவனத்தின் பணத்திலிருந்து பிரித்து வைக்கப்படுகிறதா என்றும், நிறுவனம் திவாலானால் அந்தப் பணத்துக்கு என்ன பாதுகாப்பு என்றும் கேட்க வேண்டும். பிரிட்டன் உரிமம் பெற்ற தளங்கள் அந்தப் பாதுகாப்பின் அளவை விதிமுறையில் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். பாதுகாப்பு இல்லை என்றால் இல்லை என்றே எழுத வேண்டும். எந்தத் தளமானாலும், விளையாடத் தேவையானதற்கு மேல் ஒரு காசும் அங்கே இருப்பு வைக்காதீர்கள்.

ஆதாயம் என்று மட்டும் பார்த்தாலும் புதுமைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை என்பதே என் முடிவு. 1998-இல் தொடங்கிய பினாக்கிள் என்ற பந்தயத் தளம் குறைந்த மார்ஜினுக்கும், ஜெயிக்கிறவர்களைத் துரத்தாத கொள்கைக்கும் பெயர் பெற்றது. பெரிய வரவேற்பு போனஸ் காட்டி ஆள் பிடிப்பது அதன் வழக்கமல்ல. 2000-இல் செயல்படத் தொடங்கிய பெட்ஃபேர் எக்ஸ்சேஞ்சில், பயனர்கள் ஒருவருக்கொருவர் எதிராகக் கட்டுகிறார்கள். தளம் நிகர வெற்றியில் கமிஷன் எடுத்துக்கொள்கிறது. இரண்டும் இந்தத் துறையில் மிகப் பழையவை, ஆட்ஸிலும் பெரும்பாலான புதிய தளங்கள் அவற்றை நெருங்குவதில்லை. புதிய தளம் தரும் கூடுதல் ஆட்ஸ் என்பது, ஆள் சேர்ப்பதற்கான விளம்பரச் செலவு. சேர்த்து முடித்ததும் அது நின்றுவிடும். அது நிற்காவிட்டாலும், கணக்கில் இன்னொரு எண்ணைச் சேர்க்க வேண்டும். ஆட்ஸில் 3 சதவீதம் கூடுதல் கிடைக்கும் தளத்தில், கையிருப்பை எடுக்க முடியாமல் போகும் வாய்ப்பு இருபதில் ஒன்று என்று வைத்துக்கொண்டாலே, 5 சதவீதம் குறைந்து கணக்கு நஷ்டத்துக்குப் போய்விடும். ஒப்பீட்டுத் தளங்கள் இந்த எண்ணைக் காட்டுவதில்லை. இந்த ஆண்டின் சிறந்த புதிய தளங்கள் என்று பட்டியல் போடுகிறவர்களில் பலர், தாங்கள் அனுப்பிவைத்த ஆட்கள் தோற்கும் பணத்தில் குறிப்பிட்ட பங்கைத் தளத்திடமிருந்து வாங்குகிறார்கள். அப்படிப்பட்ட பட்டியல் ஒன்றின் முதல் வரிசையில்தான் நான் என் தளத்தைக் கண்டுபிடித்தேன். உங்கள் இழப்பில் வருமானம் பார்ப்பவர் சொல்லும் சிபாரிசை எப்படி எடுத்துக்கொள்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

பணத்தைவிட அந்த மாதங்கள் என்னை அதிகம் வருத்தின. இரவில் விழித்துக்கொண்டு மின்னஞ்சல் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் முதல் கேள்வி ஏன் கட்டினாய் என்பதாகத்தான் இருக்கும் என்ற பயம். சொல்லாமல் வைத்திருந்ததில் கோபம் வீட்டில் இருப்பவர்கள் மேல் திரும்பியது. போன பணத்தை வேறொரு தளத்தில் ஜெயித்து எடுத்துவிடலாம் என்ற எண்ணம் வந்ததுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான கட்டம். சரியாக அந்த நேரம் பார்த்து, முன்பின் தெரியாத புதிய தளங்களிலிருந்து வரவேற்பு போனஸ் செய்திகள் கைப்பேசியில் வந்து விழுந்தன. என் எண் எங்கிருந்து போயிருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. பிரிட்டனின் கேம்ஸ்டாப் போன்ற சுயவிலக்கு ஏற்பாடுகளில் பெயர் கொடுத்தால், அங்கே உரிமம் பெற்ற எல்லா இணையத் தளங்களும் அந்த நபரை ஏற்கக் கூடாது. உரிமமில்லாத புதிய தளங்கள் அதில் இல்லை என்பதையே விளம்பரமாகப் போடுகின்றன. விட முடியாமல் தவிப்பவரைக் குறிவைத்து எழுதப்பட்ட விளம்பரம் அது. அப்படி ஒரு வரியைக் கண்டால் அந்தத் தளத்தை உடனே மூடிவிடுங்கள். எனக்கு உதவியது, உடன்பிறந்தவர் ஒருவரிடம் முழுத் தொகையையும் மறைக்காமல் சொன்னதும், பந்தயப் பரிவர்த்தனைகளைத் தடுக்கும்படி வங்கியிடம் கேட்டுக்கொண்டதும்தான். அந்த வசதி பல வங்கிகளில் இருக்கிறது. 1957-இல் தொடங்கிய கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்கள் பல நாடுகளில் நடக்கின்றன, இணைய வழியிலும் கலந்துகொள்ளலாம்.

இப்போது இதே நிலையில் சிக்கியிருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பணம் எடுக்கும் விண்ணப்பத்தை எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யாதீர்கள். விரைவில் தருகிறோம், அதற்கு முன் வரியாக அல்லது சரிபார்ப்புக் கட்டணமாக ஒரு தொகை போடுங்கள் என்று கேட்டால் போடாதீர்கள், அது திரும்பவே திரும்பாது. உரையாடல் பெட்டியில் பேசியதையெல்லாம் படமாக எடுத்து வையுங்கள், ஏனென்றால் கணக்கை மூடியதும் அது கண்ணிலிருந்து மறைந்துவிடும். கட்டிய பந்தயங்களின் வரலாற்றைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். கார்டில் பணம் போட்டிருந்தால் வங்கியிடம் முறையிடக் கால வரம்பு உண்டு. தளத்தின் பதிலுக்காகக் காத்திருந்து அந்த வரம்பைத் தாண்டவிடாதீர்கள். பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று தாமாகவே தொடர்புகொள்கிறவர்களை நம்பாதீர்கள். என்னிடமும் ஒருவர் முன்பணம் கேட்டார்.

கணக்கை மூடும்போது, அனுப்பிய அடையாள ஆவணங்களை அழிக்கும்படியும் விளம்பரச் செய்திகளை நிறுத்தும்படியும் எழுத்து மூலம் கேளுங்கள். அவர்கள் செய்வார்கள் என்ற உறுதி இல்லாததால், நான் அந்த கார்டை ரத்து செய்து புதியது வாங்கினேன். அந்தத் தளத்தில் பயன்படுத்திய கடவுச்சொல்லை மற்ற எல்லா இடங்களிலும் மாற்றினேன். என் பெயரில் தெரியாத கடன் எதுவும் வாங்கப்பட்டிருக்கிறதா என்று அவ்வப்போது கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்துவருகிறேன். அந்தத் தளம் இப்போது அதே முகப்போடு வேறொரு பெயரில் இயங்குகிறது; புதிய தளங்களின் பட்டியல்களில் அது மீண்டும் இடம்பெற்றிருக்கிறது.